நாலு விரல் பதிந்த கதவு

“உன் தலையை எடுத்துக்கிட்டு ரெண்டடி தள்ளிப் போ” என்றார் பெயிண்டர்.

தலையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு போகும் வசதி எனக்கு இல்லாததால், உடம்போடு சேர்த்தே நகர்த்தினேன்.

“தலையில என்ன தடவியிருக்க?”

“சீரம். முடி பளபளன்னு இருக்கும்.”

“அந்தப் பளபளப்புதான் எனக்கு எமன். வாசல்ல போர்டு வச்சிருக்கேனே, படிக்கத் தெரியாதா?”

படித்திருந்தேன். ‘கிரீம் கம்பெனி ஆட்கள், தலையில் சீரம் தடவியவர்கள் உள்ளே வரக் கூடாது’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. ஏதோ பழைய குடும்பப் பகை போலிருக்கிறது, நமக்கெதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

“இவர் என் வீட்டுக்காரரோட தம்பி” என்று என்னை அறிமுகப்படுத்தினார் அண்ணி. “உதவிக்கு வச்சிருக்கேன். யாருக்கு உதவின்னு இன்னும் முடிவாகல.”

துப்பறியும் நிறுவனம் அண்ணியுடையது. என் அண்ணனோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தி, அவன் அவிழ்த்துவிடும் பொய்களைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே தேறியவர். அண்ணன் ஒருநாள் திருந்திவிட்டான். இவ்வளவு திறமை வீணாகிறதே என்று ஆபீஸ் திறந்தோம். இதுவரை நாங்கள் கண்டுபிடித்துக் கொடுத்தது இரண்டு பூனைகள், ஒரு ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டரும் கேட்டவருடையது இல்லை என்று பிறகு தெரிந்தது.

பெயிண்டர் எங்களைக் கூப்பிடவில்லை. அவர் கூப்பிட்டது கிரீம் கம்பெனியை, அதுவும் திட்டுவதற்கு. போன் வந்தபோது நாங்கள் அங்கே விசாரணையில் இருந்தோம். திட்டைப் பொறுமையாகக் கேட்ட அண்ணி, ரிசீவரை வைத்துவிட்டு, “தம்பி, கிளம்புங்க. கேஸ்ல முதல் தடயம் தானே போன் பண்ணிக் கூப்பிடுது” என்றார். அடுத்த தெருதான். நடந்தே வந்துவிட்டோம்.

“இங்க பாருங்க மேடம்.” பெயிண்டர் எங்களை வேனின் பின்பக்கம் கூட்டிப் போனார். “உங்க கிரீம் கம்பெனி வேன். பின்கதவுல கீறல்னு நேத்து காலையில விட்டாங்க. தேய்ச்சு, பட்டி பாத்து, பிரைமர் அடிச்சு, கடைசியா நல்லா துடைச்சு வச்சுட்டு சாப்பிடப் போனேன். வந்து கலர் அடிச்சேன். அடிச்ச கையோட கண்ணு கண்ணாத் திறந்துடுச்சு!”

நீலக் கதவில் குட்டிக் குட்டியாய் வட்டக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. மீன் கடையில் கூடைக்குள்ளிருந்து நம்மையே முறைக்குமே, அதே கண்கள். அந்த இடங்களில் நிற்கப் பிடிக்காமல் பெயிண்ட் நாலாபுறமும் ஓடி ஒதுங்கியிருந்தது.

“சிலிக்கான்!” என்றார் பெயிண்டர், ஜென்மப் பகைவனின் பெயரைச் சொல்வதுபோல. “துளி பட்டாப் போதும். கண்ணுக்கே தெரியாது. ஆனா மேல பெயிண்ட் அடிச்சா நிக்காது, ஓடிடும். கிரீம்ல அது, சீரம்ல அது, உதட்டுச் சாயத்துல அது. அவங்க அழகாகறாங்க, நான் அழறேன்.”

இந்தச் சிலிக்கானைப் பற்றி அன்று காலையில்தான் எங்களுக்குப் பாடம் நடந்திருந்தது. வழக்கே அதில்தான் இருப்பதால், அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கிரீம் கம்பெனியை நடத்துவது அக்கா, தங்கை இருவர். அக்கா ஆபீஸ் அறை. ஆர்டர், வசூல், வாடிக்கையாளர் எல்லாம் அவர் பொறுப்பு. தங்கை கலவை அறை; என்ன கிரீமில் என்ன சேர்ப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. தங்கை புதிதாக ஒரு முகப்பூச்சு கண்டுபிடித்திருந்தார். வியர்வையில் கரையாது, சட்டைக் காலரில் ஒட்டாது, முகத்தில் மாவு பூசினாற்போலத் திட்டுத் திட்டாகவும் நிற்காது.

“சிலிக்கான் எண்ணெயில ரெண்டு ரகம் இருக்குங்க” என்று எங்களுக்கு விளக்கினார். “ஒண்ணு லேசு. பட்டு மாதிரி வழுக்கும், நிறத்தை முகம் பூரா சமமாப் பரப்பிவிட்டுட்டு, தான் காத்தோட போயிடும். இன்னொண்ணு கனம். மெல்லிசாப் படலம் கட்டி அங்கேயே உக்காந்துக்கும், தண்ணி ஊத்தினாலும் அசையாது.”

“புரியுது” என்றேன். “முதல் ரகம் விருந்தாளி. ரெண்டாவது வீட்டோட மாப்பிள்ளை.”

“ஆமாங்க. ரெண்டையும் எந்த அளவுல சேர்க்கணுங்கறதுதான் என்னோட கண்டுபிடிப்பு.”

இந்த முகப்பூச்சைக் கேள்விப்பட்டு ஒரு பெரிய கம்பெனி தங்கையை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. சாதாரண வேலை இல்லை, அவர்களுடைய கலவைக்கூடம் முழுவதற்கும் தலைமை. அன்று சாயங்காலம் நேரில் வந்து தடவிக் காட்ட வேண்டும். முந்தின நாள் காலை பார்த்தால் பூட்டிய அலமாரிக்குள் இருந்த சாம்பிள் டப்பாவைக் காணோம். சாவி தங்கையிடம் இருந்தது. பூட்டு உடையவில்லை. வெளியே போகும் எல்லோருடைய பையையும் வாசல் காவலாளி சோதிப்பார், முதலாளிகளுடையதையும் சேர்த்து. அப்படியும் டப்பா போய்விட்டது. வேலை செய்பவர்கள் வாய் சும்மா இருக்குமா? தங்கை முன்கூட்டியே டப்பாவைப் பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார், போகிற போக்கில் அக்காவின் தலையில் கல்லைப் போட்டுவிட்டார் என்று பேச்சு. பெரிய கம்பெனிக்கும் அது எட்டிவிட்டது. ‘சாயங்காலத்துக்குள் இந்தத் திருட்டு விவகாரத்தை முடித்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் வரவே வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார்கள்.

தங்கை போலீசுக்குப் போக வேண்டும் என்றாராம். அக்காதான், குடும்ப மானம் சந்தி சிரிக்கும் என்று தடுத்து, எங்களை அழைத்திருக்கிறார். அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீங்க எப்படிப்பட்டவங்கன்னு விசாரிச்சுட்டுத்தான் கூப்பிட்டேன்” என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பூனைகளின் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருக்கிறதே.

இனி கதவுக்கு வருவோம்.

“தம்பி, இந்தக் குழியெல்லாம் சேர்ந்து என்ன மாதிரி தெரியுது?” என்று கேட்டார் அண்ணி.

தலையைச் சாய்த்துப் பார்த்தேன். பெயிண்டர் உடனே என் தலைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு அட்டையைப் பிடித்தார்.

“கை!” என்றேன். “உள்ளங்கை, இது கட்டைவிரல், இதெல்லாம் விரல்கள். யாரோ கதவைச் சாத்தத் தள்ளியிருக்காங்க.”

“எண்ணுங்க.”

எண்ணினேன். கட்டைவிரலையும் சேர்த்து நாலுதான் வந்தது. திரும்ப எண்ணினாலும் நாலேதான். சுண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் நீலம் பளிங்கு மாதிரி இருந்தது.

“அண்ணி, கேஸ் முடிஞ்சுது. நாலு விரல் உள்ள ஆளைத் தேட வேண்டியதுதான்.”

“கிரீம் கம்பெனியில யாருக்காவது நாலு விரல் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. எல்லோருக்கும் பிறந்தபோது கொடுத்தது அப்படியே இருந்தது. கேஸ் முடிந்த வேகத்தில் மறுபடியும் திறந்துகொண்டது.

அண்ணி பெயிண்டரிடம் திரும்பினார். “நீங்க சாப்பிடப் போனப்போ இங்க யாரு இருந்தா?”

“யாரும் இல்ல. பின்னாடி ரூம்ல ரேடியோ போட்டுட்டு சாப்பிட்டேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது.”

“ஆக, டப்பா கம்பெனியை விட்டு வெளிய வந்தது யாரோட பையிலயும் இல்ல, இந்த வேன்ல. காவலாளி பையைத்தான் பாப்பாரு, ரிப்பேருக்குப் போற காலி வண்டியைக் குடைய மாட்டாரு. அப்புறம் நீங்க சாப்பிடற நேரம் பாத்து ஒரு ஆள் வந்து, பின்கதவைத் திறந்து டப்பாவை எடுத்துட்டு, கதவைத் தள்ளிச் சாத்திட்டுப் போயிருக்கு. துடைச்சு வச்ச கதவுல கை பட்டது யார் கண்ணுக்கும் தெரியல. உங்க பெயிண்ட்தான் காட்டிக் கொடுத்துச்சு.”

“என் பெயிண்டா?” பெயிண்டரின் கோபம் சற்றே பெருமையாக மாறியது.

“சின்னக் கை அண்ணி. பொம்பளைக் கை” என்றேன். “நாள் முழுக்க சிலிக்கான்லயே புழங்கற கை. வேற யாரு? தங்கைதான்.”

எனக்கே சொல்லப் பிடிக்கவில்லை. அந்தத் தங்கையைப் பார்த்தால் திருடுகிற முகமாகத் தெரியவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடாத முகமாகத்தான் தெரிந்தது.

அண்ணி கடையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் கிடந்த பழைய பானெட் ஒன்றைக் காட்டி, “இதை வெட்டி நாலு தகடு பண்ணி, கதவுக்குச் செஞ்ச மாதிரியே துடைச்சுத் தர முடியுமா?” என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் அக்கா, தங்கை, வேனை ஓட்டி வந்த டிரைவர் மூவரும் வந்து சேர்ந்தார்கள். போர்டு விஷயமாகப் பெயிண்டர் கொஞ்சம் முணுமுணுத்தார். துப்பறியும் வேலையில் தன் பெயிண்டுக்கும் பங்கு உண்டு என்பதால் பொறுத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல, ஒரு சம்பிரதாயம்” என்றார் அண்ணி. “ஆளுக்கொரு தகடு. உள்ளங்கையை வச்சு அழுத்தணும். அவ்வளவுதான்.”

டிரைவர் முதலில் வைத்தார். தகடு போதவில்லை. தங்கை எதுவும் கேட்காமல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அக்கா, “இதெல்லாம் எதுக்குங்க, நான்தானே உங்களைக் கூப்பிட்டேன்?” என்று சிரித்துக்கொண்டே, கைக்குட்டையில் கையைத் துடைத்துவிட்டு வைத்தார்.

“நாலாவது தகடு?” என்றேன்.

“உங்களுக்குத்தான் தம்பி. நாளைக்கு யாரும் ஓரவஞ்சனைன்னு சொல்லிடக் கூடாது.”

பெயிண்டர் முகமூடியை மாட்டிக்கொண்டு வரிசையாக அடித்தார். நீலம் ஈரமாய்ப் படர்ந்தது. எல்லோரும் கல்யாண ஆல்பம் பார்ப்பவர்கள் மாதிரி குனிந்தோம்.

டிரைவரின் தகடு மழமழவென்று இருந்தது. அவர் கை அறிந்தது டீசலும் சோப்பும்தான்.

தங்கையின் தகடும் மழமழ. ஒரு குழி கூட இல்லை.

“அது எப்படி?” என்றேன், வாயைப் பொத்திக்கொள்ளாமல்.

“கலவை அறையில நான் எப்பவும் கையுறை போட்டுப்பேங்க” என்றார் தங்கை. “கையில எதுவும் தடவவும் மாட்டேன். தடவினா, புதுசாப் பண்ற கிரீம் எப்படி இருக்குன்னு தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்க முடியாது.” கையைத் திருப்பிக் காட்டினார். ஊரில் உள்ளவர்கள் கையையெல்லாம் மிருதுவாக்கும் அந்தக் கை சொரசொரவென்று வெடித்துப் போயிருந்தது.

முதலில் கண் திறந்தது கடைசியில் இருந்த என் தகடு. ஒன்றல்ல, நூறு கண்கள். தலையைத் தடவித் தடவிக் கையெல்லாம் சீரம்.

“பிடிங்க இவனை!” என்றார் பெயிண்டர்.

“அஞ்சு விரல்! எனக்கு அஞ்சு விரல் இருக்கு, எண்ணிப் பாருங்க!” என்று அலறினேன். என் சுண்டு விரலுக்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.

“மூணாவதைப் பாருங்க தம்பி” என்றார் அண்ணி மெதுவாக.

அக்காவின் தகட்டில் உள்ளங்கை தெளிவாகத் திறந்திருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். அதற்கப்புறம் வெறும் நீலம்.

எல்லோரும் அக்காவின் கையைப் பார்த்தோம். ஐந்து விரலும் இருந்தன. சுண்டு விரல் மட்டும் உள்நோக்கி மடங்கியபடியே நின்றது.

“விரல் இருக்கு. ஆனா எதையும் தொடாது” என்றார் அண்ணி. “காலையில என் கையைப் பிடிச்சுக்கிட்டீங்களே, அப்போ பாத்தேன். ஒரு விரல் மட்டும் என் மேல படவே இல்ல. கையும் பட்டு மாதிரி வழுக்குச்சு. உங்க கிரீமை உங்களை விட அதிகமா யாரும் தடவறதில்ல, இல்லையா? இப்ப கைக்குட்டையில துடைச்சீங்க. துடைச்சா அது போகாது. இன்னும் நல்லாப் பரவும்.”

தங்கைதான் பேசினார். குரல் அவருக்கே கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

“நீயா அக்கா?”

“அலமாரிக்கு இன்னொரு சாவி என்கிட்ட இருக்குடி. முதலாளிகிட்ட சாவி இருக்குமான்னு யாரும் கேக்கவே இல்ல.” அக்கா தகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “டப்பா வீட்டுல பத்திரமா இருக்கு. அது இல்லாட்டி நீ போய்க் காட்ட முடியாது. காட்டாட்டி அவங்க எடுத்துக்க மாட்டாங்க. இங்கேயே இருந்துடுவேன்னு நினைச்சேன். வேற எதையும் யோசிக்கல.”

“அப்புறம் எங்களை எதுக்குங்க கூப்பிட்டீங்க?” என்றேன்.

“அவ போலீசுன்னு நின்னா. யாரையாவது கூப்பிட்டாத்தான் அடங்குவா. விசாரிச்சேன். உங்களாலதான் எதையும் கண்டுபிடிக்க முடியாதுன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க.”

நிமிர்ந்திருந்த நெஞ்சு அதன் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. அண்ணி மட்டும் சிரித்தார்.

தங்கை சிரிக்கவில்லை. “ரெண்டு நாளா எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. பேக்கிங் பண்ற பொண்ணுங்க நான் வந்தா பேச்சை நிறுத்தினாங்க. நீ பக்கத்துலயே நின்ன.”

“நான் உன்னைத் திருடின்னு ஒரு வார்த்தை சொல்லலடி!”

“இல்லன்னும் சொல்லலையே.”

அந்த இடத்தில் பெயிண்டர் கூடத் தன் கம்ப்ரஸரை அணைத்துவிட்டார். அக்காவுக்குக் கண்ணில் நீர் தளும்பியது. துடைக்கக் கையைத் தூக்கி, தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

“சரி, டப்பாவை எடுத்துட்டு வந்துடலாம்” என்றேன், நிலைமையைச் சமாளிக்க. “இன்னும் சாயங்காலம் ஆகலையே.”

“டப்பா வேண்டாம்” என்றார் தங்கை. “அது இல்லாட்டி என்ன? அளவெல்லாம் என் மனசுல இருக்கு. ஒரு மணி நேரத்துல வேற பண்ணிடுவேன்.”

“ஒரு மணி நேரமா?” அக்கா நிமிர்ந்தார்.

“பின்னே? கண்டுபிடிக்கத்தான் வருஷக்கணக்கு. கலக்கறதுக்கு என்ன?”

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மனதில் தோன்றியதை வாய் முந்திக்கொண்டு கேட்டுவிடும். “அப்படின்னா நேத்தே ஏன் பண்ணலைங்க?”

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். முறைப்பு என்று நினைத்துப் பின்வாங்கினேன். முறைப்பு இல்லை. இத்தனை நாளில் முதல்முறையாக நான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

தங்கை தன் வெடித்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வேலை வந்திருக்குன்னு அக்காகிட்ட சொன்னேன். ‘நல்லதுதானே’ன்னா. எப்போ போறேன்னு கேட்டா. துணி எடுத்துத் தரட்டுமான்னு கேட்டா. சின்ன வயசுலேர்ந்து இவகூடவேதான் இருக்கேன். போகாதன்னு ஒரு தடவை சொல்லுவான்னு பாத்தேன். சொல்லவே இல்ல.” மூக்கை உறிஞ்சினார். “டப்பா காணாமப் போனதும் மனசுக்குள்ள ஒரு நிம்மதி. அதான் கையைக் கட்டிட்டு உக்காந்துட்டேன்.”

“உன் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாதுன்னுதான்டி சொல்லல!” அக்கா வெடித்தார். “சொன்னா நீ நின்னுடுவ. அது எனக்குத் தெரியாதா?”

“அதனால திருடினியாக்கும்!”

“ஆமா!”

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் வேன் டயரைக் கூர்ந்து ஆராய ஆரம்பித்தார். யார் முதலில் கைகளை நீட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தபோது அக்கா தங்கையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்.

“போகாதடி” என்றார். “எனக்கு யாருடி இருக்கா? போகாத.”

தங்கை அக்காவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ரொம்ப நேரம் தட்டினார். பிறகு முகத்தை நிமிர்த்தி, கண்ணைத் துடைத்துவிட்டார்.

“இது போதும்க்கா. இனிமே நிம்மதியாப் போவேன்.”

அக்கா திகைத்துப் போய்ப் பார்த்தார். நானும்தான். அண்ணி மட்டும், இதை எதிர்பார்த்தவர்போல, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கம்பெனிக்குத் திரும்பினோம். தங்கை நேராகக் கலவை அறைக்குள் போய்க் கையுறையை மாட்டினார். அக்கா தன் ஆபீஸ் அறையைத் தாண்டிப் போனார். பேக்கிங் கூடத்தின் நடுவில் நின்று, ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் தானே அணைத்தார். மூடி போட்டுக்கொண்டிருந்தவர்கள், லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் தலை தூக்கினார்கள்.

“டப்பாவை எடுத்தது நான்” என்றார். “அவ இல்ல. அவ என்னை விட்டுப் போறது எனக்குப் பொறுக்கல, அதனால ஒளிச்சு வச்சேன். நீங்க அவளைத் தப்பாப் பேசினப்போ வாயை மூடிட்டு நின்னேன். அது டப்பாவை எடுத்ததை விடப் பெரிய தப்பு. பெரிய கம்பெனிக்கும் இதையே இப்ப போன் பண்ணிச் சொல்லப் போறேன்.”

சொல்லி முடித்துவிட்டு அழ ஆரம்பித்தார். யாரும் வேலையைத் தொடரவில்லை; முதலாளியம்மா அழுவதை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கலவை அறையில் இருந்த தங்கைக்கு எல்லாம் கேட்டது. கலக்கும்போது தூசி வரக் கூடாதென்று எப்போதும் சாத்தியே வைக்கும் அந்த அறைக் கதவை, அன்று அக்கா நிற்பது தெரிகிற அளவுக்குத் திறந்து வைத்துவிட்டு, அவர் தராசில் முதல் கிண்ணத்தை வைத்தார்.